துண்டுச் சீட்டுக்குப் போன தங்கச்சி

போன கிழமை சங்கக்கடை வரிசையில் நம்மை விட ஏழெட்டு வயது இளையவள் ஒருத்தி எனக்கு முன்னால் நின்றாள். டொபி கேட்டு அடம்பிடித்த பேரனைப் பார்த்து, "சும்மா இருக்கியா, இல்ல பொட்டணி நானாவக் கூப்பிட்டுச் சாக்குல கட்டிக் குடுத்துரட்டுமா?" என்று மிரட்டினாள். பையன் கப்சிப். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அங்கேயே பிடித்துச் சண்டை போட்டேன். "வயசானா இப்படித்தான், வாய் நீண்டுரும்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். போகட்டும். ஆனால் என்னோடு ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிய நீங்களாவது இதை முழுதாகக் கேட்க வேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு நடந்தது தெரியும். தெரிந்தவர்களே மறந்துவிட்டுச் சிரிக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுகொண்டிருந்தது. அதைப் பதுளைக்குக் கொண்டுவர மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்குக் காற்று திரும்பிய நாட்களில் பாறைக்கு வைக்கும் வெடிச் சத்தம் வந்து சேரும். அது காற்றுக் காலம். உதடு வெடிக்கும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரைத் தகரம் நாள் முழுக்கப் படபடக்கும். எதிர்மலையில் மானாப்புல்லுக்கு யாரோ தீ வைத்த புகை கண்ணைக் கரிக்கும். அந்த மாதங்களின் கொழுந்துக்குத்தான் மணம் அதிகம் என்று துரைமார் ஒற்றைக்காலில் நிற்பார்கள். அதனால் பெரியவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடையாது. எனக்குப் பத்து வயது. தங்கச்சிக்கு ஐந்து.

வெடிச் சத்தத்தோடு ஒரு பேச்சும் மலையேறி வந்தது. பாலம் நிலைத்து நிற்க வேண்டுமானால் தூணுக்கு அடியில் பிள்ளைத் தலை வைக்க வேண்டுமாம். அதற்காகச் சாக்கு மூட்டையோடு பிள்ளை பிடிக்கிறவர்கள் அலைகிறார்களாம். யார் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போனது என்பார்களே, அந்த மதி அந்த வருடம் எங்கள் லயத்துப் பக்கமே வரவில்லை. பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இரண்டுதான். மூட்டைக்காரனைக் கண்டால் ஓடு. பெரியவங்க சொன்னாக் கேளு. இந்த இரண்டாவது பாடம்தான் என் தங்கச்சியைத் தின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது புரியாது. எங்களுக்கு அப்போது எல்லாமே துண்டுச் சீட்டுதான். அரிசி வாங்கத் துண்டு. காய்ச்சலுக்கு மருந்து வாங்கத் துண்டு. பக்கத்துத் தோட்டத்தில் அண்ணன் செத்துக் கிடந்தாலும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரத் துண்டு. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் மரியாதைக் குறைவு. காகிதத்தைக் கண்டதும் எழுந்து கை கட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த படிப்பு.

குடைக்காரர் வந்தது அந்தக் காற்றுக் காலத்தின் நடுவில். கோட்டு, வெள்ளை வேட்டி, மடித்த கறுப்புக் குடை. பெரிய கங்காணி வீட்டுக்கு விருந்தாளி. ரயில் வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவர் என்று சொன்னார்கள். கங்காணி அவருக்குக் கோழி அடித்துச் சோறு போட்டார், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பிறகு இரண்டு பேருமாக லயத்துப் பக்கம் நடந்து வந்தார்கள். குடைக்காரர் லயத்து அறைகளான காம்பராக்கள் ஒவ்வொன்றின் முன்னும் நின்று பிள்ளைகளின் தலையைத் தடவினார்.

"புள்ளைங்கள பத்திரமா வச்சுக்குங்கம்மா" என்றார். "கெட்ட காலம். மூட்டை தூக்கிக்கிட்டு வர்றவன் ஒருத்தனையும் நம்பாதீங்க."

பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் அம்மாவும்தான் கும்பிட்டாள். "எவ்வளவு நல்ல மனுஷன் பாரு, நம்ம புள்ளைங்க மேல அக்கறையா பேசுறாரு" என்று அப்பாவிடம் சொன்னாள். பிற்காலத்தில் அந்த வார்த்தையை நினைத்து அவள் தன் வாயிலேயே அடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

பொட்டணி நானா எங்களுக்கு அப்படிப் புதியவர் அல்ல. நான் பிறந்த காலத்திலிருந்தே வருகிறவர். பதுளைக் கடைத்தெருவிலிருந்து துணிப் பொட்டணியை முதுகில் சுமந்து தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். எந்தக் காம்பராவில் பிள்ளை பிறந்திருக்கிறது, எங்கே பெண் சமைந்திருக்கிறாள் என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் வாசலில் உட்கார்ந்து அம்மா கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தங்கச்சியின் கன்னத்தைக் கிள்ளி, "சின்ன மக, என்னோட பதுளைக்கு வாறீங்களா?" என்று கேலி செய்வார். அவள், "அம்மா வந்தா வாறேன்" என்பாள். அந்தக் கேலிக்கு எத்தனை தடவை எல்லாரும் சேர்ந்து சிரித்திருக்கிறோம்!

அம்மா அவரிடம் தங்கச்சிக்குப் பாவாடைக்குத் துணி கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சீத்தை. அவர் அதைக் கொண்டுவந்த நேரம் பகல் இரண்டு மணி இருக்கும். கவ்வாத்து வெட்டப் போன ஆண்கள் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பெண்கள் மலையில். நானா தங்கச்சியை நிற்க வைத்து, துணியை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டு, எவ்வளவு வேண்டியிருக்கும் என்று பார்த்தார். அவள் கூச்சம் தாங்காமல் கெக்கலி கொட்டிச் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. நான் ஆறடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், மூட்டைக்காரன் புள்ளையச் சுத்துறான்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

முதல் அடி என் அப்பாவுடையது. இதை மறைக்க எனக்கு வயது போய்விட்டது. அவர் அடித்த கவ்வாத்துக் கம்பு நானாவின் வலது மணிக்கட்டில் விழுந்தது. பிறகு பத்துப் பேர். நானா, "என்னத் தெரியலயா உங்களுக்கு? என்னத் தெரியலயா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியாமல் என்ன? எல்லாருக்கும் தெரியும். அவர் விற்ற வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அடித்தார்கள். குடைக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போதும், கொல்லாதீங்க, தொரத்தி விடுங்க" என்று தருமம் பேசினார். நானா பொட்டணியை விட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் விழுந்து எழுந்து ஓடினார்.

மாலையில் அம்மா வந்து, வாசல் சாக்கடைக் கானில் கிடந்த துணிகளைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் கூடையை இறக்கக்கூட இல்லை.

"நான்தானேய்யா துணி கொண்டாரச் சொன்னேன்! அந்த மனுஷன் இந்த வாசல்ல எத்தன வருஷமா உக்காந்து எந்திரிச்சவரு!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "மூட்டை வச்சிருந்தான்ல" என்றார். அம்மா எல்லாத் துணியையும் பொறுக்கித் துவைத்து, நானாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மூட்டையாகக் கட்டிக் கூரைக்கம்பில் செருகினாள். புள்ளிச் சீத்தையை மட்டும் எடுத்துப் பாவாடை தைத்தாள். தங்கச்சி அதைக் கழற்றவே மாட்டேன் என்றாள்.

எட்டு நாள் போயிருக்கும். என் காலில் கவ்வாத்துக் குச்சி ஏறிப் புண்ணாகியிருந்தது. மலைக்குப் போக முடியாமல் பிள்ளை மடுவத்தில் உட்கார்ந்திருந்தேன். தாய்மார் மலையேறும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. உங்களுக்கு அந்த இடத்தின் வாடை மறந்திருக்காது. புளித்த பால், ஈரச் சாம்பல், மூத்திரம். வரிசையாகச் சாக்குத் தொட்டில்கள் தொங்கும். சாக்கைக் கண்டால் ஓடு என்று சொன்ன அதே ஊர், கைக்குழந்தைகளை அரிசிச் சாக்கில்தான் தூங்கப் போட்டது. மடுவத்தைப் பார்த்துக்கொண்ட அக்கா நல்லவள். புருஷன் செத்தவள், ஒரு பிள்ளையையும் அடிக்காதவள். அவள் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. எங்களுக்குச் சொன்னதைத் தவிர அவளுக்கும் வேறு எதுவும் சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

குடைக்காரர் வந்தார். கையில் துண்டு. சிவப்பு முத்திரை ஒன்று அதில் இருந்தது. அக்கா எழுந்து நின்று வெற்றிலையைத் துப்பினாள். நானும் எழுந்தேன்.

"பங்களாவுக்கு அம்ம குத்துற டாக்டர் வந்திருக்காரும்மா" என்றார். "அஞ்சு வயசுப் புள்ளைங்கள ஒண்ணொண்ணாக் கூட்டியாரச் சொல்லி உத்தரவு. கங்காணி ஐயா என்னைய அனுப்பினாரு. இந்தா, துண்டப் பத்திரமா வச்சுக்க."

அக்கா துண்டை இரு கையாலும் வாங்கி, வெற்றிலைப் பையில் வைத்தாள். குடைக்காரரின் விரல் என் தங்கச்சியைக் காட்டியது. எனக்குப் பெருமை. முதல் ஆளாக எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்களே! நான்தான் என் பாவாடை நுனியை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தேன். நான்தான் தலையை ஒதுக்கினேன்.

"அக்கா, நீயும் வா" என்றாள் என்னிடம்.

"எனக்குக் கால் வலிக்குது. நீ போ. ஊசி குத்துனா அழாத, சரியா? அழுதா எல்லாரும் சிரிப்பாங்க. ஐயா சொல்றபடி கேளு."

அவள் தலையை ஆட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். பாதி தேத்தண்ணியோடு அவளுடைய தகரக் குவளை மரப்பெஞ்சில் இருந்தது. இரண்டாவது பிள்ளையைக் கூப்பிட யாரும் வரவில்லை. அதை நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை. டாக்டருக்கு நேரமாகிவிட்டது போல என்று அக்கா சொன்னாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் குவளையைக் கழுவி வைத்தேன்.

மாலையில் அம்மா பங்களாவுக்கு ஓடினாள். டாக்டர் யாரும் வரவில்லை. அங்கிருந்து கங்காணி வீட்டுக்கு ஓடினாள். விருந்தாளி காலையிலேயே விடைபெற்றுப் போய்விட்டாராம். கங்காணி முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "என் வீட்டுச் சோத்தத் தின்ன மனுஷன் மேல பழி போடாத." பிள்ளை காணாமல் போயிருக்கிறது, அவருக்குச் சோற்றின் மானம்! ஆட்களைப் பதுளைப் பக்கம் அனுப்பினார்கள். எதற்கு? பொட்டணி நானாவைப் பிடிக்க. மூட்டைக்காரன் பழிவாங்கிவிட்டான் என்று லயம் முழுக்கப் பேச்சு. துண்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிப்போனவன் யார் என்று நானும் மடுவத்து அக்காவும் கத்திக் கத்திச் சொல்லியும் எங்கள் பேச்சு ஏறவில்லை. கோட்டு போட்டவர் அப்படிச் செய்வாரா என்று எங்களையே கேட்டார்கள்.

மூன்றாம் நாள் நானா தானாகவே வந்தார். தோட்டத்துக்குள் காலை வைக்கவில்லை. எல்லைக் கானுக்கு அந்தப் பக்கம், வண்டிப் பாதையில் நின்றுகொண்டு அம்மாவைத் தன் வழக்கப்படி தங்கச்சி என்று கூப்பிட்டார். வலது கையில் மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருந்தது. அம்மாவும் நானும் ஓடினோம். அப்பா பின்னால் வந்து, கொஞ்சம் தூரத்தில் நின்றுகொண்டார்.

"சின்ன மகள பண்டாரவளை ஸ்டேஷன்ல கண்டேன்" என்றார் நானா. "நேத்துக் காலையில. துணி மூட்டை எடுக்கப் போனேன். கோட்டு போட்ட ஆளொருத்தன் பக்கத்துல உக்காந்திருந்திச்சு. என்னோட சீத்தைதான் உடுத்திருந்திச்சு. என் துணி எனக்குத் தெரியாதா? கொழும்புக்குப் போற ரயில் வந்திச்சு. ஏறிட்டாங்க."

"நீங்க ஏன் நானா கூப்பிடல? ஒரு சத்தம் போடக் கூடாதா?"

அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "நான் அந்தப் புள்ளயக் கூப்பிட்டா அங்க யாரப் புடிச்சிருப்பாங்க தங்கச்சி? கோட்டுக்காரனையா, என்னையா?"

நானா கையை இறக்கிக்கொண்டார்.

"அது அழுதிருந்தா எது வந்தாலும் வரட்டும்னு கிட்டப் போயிருப்பேன். அல்லா மேல ஆணையாச் சொல்றேன். அது அழல்ல. கையக் கட்டிக்கிட்டு நல்ல புள்ளயா உக்காந்திருந்திச்சு. நீங்கதான் யாரோடயோ அனுப்பிட்டீங்களோன்னு நெனச்சேன். பொறகு மனசு கேக்கல்ல. அதான் வந்தேன்."

அழாதே என்று சொல்லி அனுப்பியது நான். அதை அங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அம்மா மடுவத்து அக்காவிடமிருந்து வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்த துண்டை அவிழ்த்துக் கானுக்கு மேலாக நீட்டினாள். நானா இடது கையால் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் இங்கிலீஷ் பெரிதாகத் தெரியாது. ஆனால் ரயிலில் சாமான் எடுத்துப் பழகியவர்.

"இது ஸ்டேஷன்ல சாமான் எடுக்கக் குடுக்குற ரசீது தங்கச்சி. உருளைக்கிழங்கு மூட்டை ஒண்ணு. பழசு."

ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. அதைக் காட்டித்தான் எங்கள் வீட்டுப் பிள்ளையை வாங்கிப் போயிருக்கிறான். அதைத்தான் அக்கா இரு கையாலும் வாங்கினாள், நான் எழுந்து நின்றேன். அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் நாங்கள் நம்பியிருப்போம்.

அம்மா கொழும்புக்குப் போகத் துணிந்தாள். அங்கே தன் சாச்சா, அதாவது சித்தப்பா, கடை வைத்திருக்கிறார், எழுதித் தருகிறேன் என்றார் நானா. ஆனால் தோட்டத்தை விட்டுப் போக அம்மாவுக்கு என்ன வேண்டும்? துண்டு வேண்டும். கங்காணியிடம் கேட்டாள். "கொழுந்து கொட்டுற நேரம். இப்ப யாருக்கும் துண்டு கெடையாது. போலீசுல சொல்லியாச்சு, பாப்பாங்க" என்றார். கேட்டீர்களா நியாயத்தை? பிள்ளையைக் கொண்டுபோனவனுக்கு உருளைக்கிழங்குத் துண்டு போதுமாயிருந்தது. பெற்றவள் தேடிப் போக ஒரு துண்டு இல்லை. அம்மா துண்டில்லாமலே நடந்தாள். பண்டாரவளை போய்ச் சேரும் முன்னே கங்காணியின் ஆட்கள் பிடித்து, ஓடிப்போன கூலி என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். மறுபடி ஓடினால் மறியலில் அடைப்போம் என்றார்கள். அவளுக்குத் துண்டு கிடைத்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. கொழும்பில் நானாவின் சாச்சா கடைப் பையன்களோடு தெருத் தெருவாக அலைந்தாள். பெரிய வீடுகளின் குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். மறு வருடமும் போனாள். தங்கச்சி கிடைக்கவில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

வேறு ஒருத்தியாக இருந்தால் அழுது அழுது செத்திருப்பாள். என் அம்மாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவள் வீணாக்கவில்லை. பீலிக்கரையில் தண்ணீருக்குப் பெண்கள் காத்திருக்கும் நேரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் அதே பேச்சு.

"மூட்டைக்காரன் கதைய விடுங்கடி. என் புள்ளையக் கொண்டுபோனவன் மூட்டையோட வரல. சிரிச்சுக்கிட்டு வந்தான், நம்ம கங்காணி வீட்டுச் சோத்தத் தின்னுட்டு வந்தான். புள்ளைங்ககிட்டச் சொல்லுங்க. பெத்தவ வந்து கையப் புடிச்சாத்தான் நகரணும். துண்டு வந்தாலும் நகரக் கூடாது, தொரையே வந்தாலும் நகரக் கூடாது. யாராச்சும் கையப் புடிச்சு இழுத்தாக் கத்தணும்."

பக்கத்துக் காம்பராக்காரிதான் அதிகம் கேலி செய்தவள். "தன் புள்ளையத் தொலைச்சவ ஊருக்கு உபதேசம் பண்றா" என்று அம்மா காதுபடவே சொன்னாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றாள். அம்மா கோபிக்கவில்லை. "எனக்குத்தான் கெட்டுப்போச்சு. உனக்குக் கண்ணு இருக்குல்ல, நீ பண்ணு" என்றாள். பிறகு பிள்ளைகளையே பிடித்தாள். பீலிக்கரையில் நிற்க வைத்து, பேர், அப்பா பேர், தோட்டத்துப் பேர், லயத்து எண் எல்லாம் சொல்லவைத்தாள். பதுளை, பண்டாரவளை, எந்தப் பக்கம் எது என்று கேட்டாள். கடைசியில் எல்லாரையும் கத்தச் சொல்வாள். முதலில் பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். கத்தினால் அடிவாங்கியே பழகிய பிள்ளைகள்! பிறகு அதுவே விளையாட்டாகிப் போய், மலையெல்லாம் எதிரொலித்தது.

கங்காணிக்குச் செய்தி போனது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் அம்மாவை நிறுத்தினார்.

"துண்ட மதிக்காதன்னு சொல்லிக் குடுக்குறியாமே? தோட்டம் எதுல ஓடுதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுங்கய்யா" என்றாள் அம்மா. "என் புள்ள எதுல போச்சுன்னும் தெரியும்."

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா மட்டும் நிமிர்ந்து நின்றார். அந்த வாரக் கடைசியில் அவரும், அன்று கம்பெடுத்தவர்களில் மூன்று பேரும், கூரைக்கம்பில் இருந்த துணி மூட்டையை எடுத்துக்கொண்டு பதுளைக்கு நடந்து போய் நானாவின் கடை வாசலில் நின்றார்கள். நானா மூட்டையை வாங்கிக்கொண்டார். தேத்தண்ணி கொடுத்தார். ஆனால் தோட்டத்துக்குள் அவர் திரும்ப வரவே இல்லை. எல்லைக் கானுக்கு அந்தப் பக்கம்தான் கடை விரிப்பார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஒரு தடவை உடைந்த கை நேராகக் கூடவில்லை, பார்த்திருப்பீர்கள்.

இரண்டு வருடம் கழித்து, அதே காற்றுக் காலம். கங்காணி வீட்டு ஆள் ஒருவன் துண்டோடு பிள்ளை மடுவத்துக்கு வந்தான். நுவரெலியாவில் துரையின் சிநேகிதர் வீட்டில் குழந்தைக்கு விளையாட்டுக் காட்ட ஒரு பிள்ளை வேண்டுமாம். பக்கத்துக் காம்பராக்காரியின் நாலு வயது மகளைக் கொண்டுபோக உத்தரவு. பெற்றவளைக் கேட்டார்களா? எதற்குக் கேட்க வேண்டும், துண்டுதான் இருக்கிறதே. அன்று வந்தது பொய்த் துண்டு, இது மெய்த் துண்டு. இழுத்துக்கொண்டு போகப்படுகிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மடுவத்து அக்கா துண்டை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தாய வரச் சொல்லுங்க" என்றாளாம். அவன் பிள்ளையின் கையைப் பிடித்தான். பிள்ளை கத்தினாள். மடுவத்தில் இருந்த மற்றப் பிள்ளைகளும் பீலிக்கரை விளையாட்டு என்று நினைத்தோ என்னவோ சேர்ந்து கத்தினார்கள். நாங்கள் கீழ்மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தோம். கூடைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். பக்கத்துக் காம்பராக்காரி எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கங்காணியும் வந்துவிட்டார்.

"தொரை கையெழுத்துடி இது!" என்று துண்டை ஆட்டினார்.

பக்கத்துக் காம்பராக்காரி பிள்ளையைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள். மேல்மலையிலிருந்து அப்போதுதான் மூச்சு வாங்க வந்துசேர்ந்த என் அம்மா முன்னால் வந்தாள்.

"கையெழுத்து தொரையோடதா இருக்கட்டுங்கய்யா. புள்ள இவளோடது."

கங்காணி எங்களைப் பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. கீழ்மலையில் கொழுந்துக் கூடைகள் வெயிலில் கிடந்தன. கொழுந்து வாடினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். துண்டைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நாளைக்குப் பெரட்டுல பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசவும் செய்தார். ஒரு கிழமை அம்மாவுக்கு வேலை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை நுவரெலியாவுக்குப் போகவில்லை. அவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். சங்கக்கடை வரிசையில் பேரனைப் பொட்டணி நானாவுக்குக் கொடுப்பேன் என்றாளே, அவள்தான். அவளுக்கு அப்போது நாலு வயது, ஞாபகம் இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நானாவை வைத்துப் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். அழாதே, எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்காதீர்கள்.

கங்காணி போனதும் பெண்கள் கூடைகளைத் தேடி இறங்கினார்கள். அம்மா மட்டும் போகவில்லை. மடுவத்து மரப்பெஞ்சில், தங்கச்சியின் குவளை இருந்த அதே இடத்தில் உட்கார்ந்து, அந்தச் சின்னப் பெண்ணைத் தாயிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கத்துனியாமே கண்ணு?"

"ஆமா."

"நான் மேமலையில இருந்தேன். எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ கத்து, நான் கேக்கணும்."

அந்தப் பெண் தன் தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினாள். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினாள். சாக்குத் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து அழுதன. அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள்.